சர்வதேசப் பியானோ போட்டிக்குத் தயாராவது எப்படி: விண்ணப்பம் முதல் இறுதிச் சுற்று வரை

சர்வதேசப் பியானோ போட்டி என்றதும் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இறுதிச் சுற்றின் காட்சிதான்: நிறைந்த அரங்கம், பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா, பார்வையாளர்களுக்கு நடுவே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நடுவர்கள். ஆனால் விண்ணப்பிக்கும் சில நூறு பேரில் அந்த மேடைவரை வருவது, போட்டியைப் பொறுத்து, 5 முதல் 12 பேர் மட்டுமே. மிகப் பெரும்பாலோர் போட்டி நடக்கும் நகரத்தையே பார்க்காமல், தாங்கள் அனுப்பிய ஒளிப்பதிவோடு நின்றுவிடுகிறார்கள். ஆகவே வளர்ந்துவரும் இளம் கலைஞர் மேடை நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு வெகு முன்னரே, எந்தப் போட்டிக்கு, எந்தப் படைப்புகளோடு, எப்படிப்பட்ட பதிவோடு போகப்போகிறார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். போட்டியின் பெரும்பகுதி இந்த மூன்று முடிவுகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. எனவே இந்த வழிகாட்டியிலும் அவற்றுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

முதல் படி: போட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இன்றைய போட்டிகளுக்கு முன்னோடி, ஆன்டன் ரூபின்ஸ்டைன் நிறுவி 1890இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கி ஐந்தாண்டுக்கொருமுறை நடந்த போட்டியாகும். 1905இல் அது பாரிஸில் நடந்தபோது வில்ஹெல்ம் பாக்ஹவுஸ் முதலிடம் பெற, பியானோ பிரிவில் பேலா பார்டோக்குக்கு இரண்டாமிடமே கிடைத்தது. அதன் பிறகு வார்சாவில் ஷோப்பன் போட்டி 1927இலும், ஜெனீவா போட்டி 1939இலும், இத்தாலியின் போல்சானோவில் புசோனி போட்டி 1949இலும், மாஸ்கோவில் சாய்கோவ்ஸ்கி போட்டி 1958இலும், அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் வான் கிளைபர்ன் போட்டி 1962இலும், இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டி 1963இலும் தொடங்கின. இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் புதிதாக விண்ணப்பிப்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் குறை. ஒவ்வொரு போட்டியும் வெவ்வேறு வகையான கலைஞரைத் தேடுகிறது.

வார்சாவில் எல்லாச் சுற்றுகளிலும் ஷோப்பனின் இசை மட்டுமே ஒலிக்கும். மசூர்க்கா என்னும் போலந்து நடன இசையின் தாள அசைவும், பாடுவதுபோல் நீளும் வலது கை மெட்டும் இயல்பாகக் கைவராத ஒருவர், எவ்வளவு பெரிய தொழில்நுட்பத் திறமை கொண்டவராக இருந்தாலும், அங்கே போய்ப் பயனில்லை. கிளைபர்ன் போட்டி ஏறத்தாழ அதற்கு எதிர்த்துருவம். தனி வாசிப்புச் சுற்றுகளுக்கு மேல் அரையிறுதியில் மொசார்ட் கான்செர்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்றும், இறுதியில் இரண்டு கான்செர்டோக்களும் வாசிக்க வேண்டியிருப்பதால், அங்கே பெருந்தொகுப்பைச் சுமக்கும் உடல் வலிமையும் மன வலிமையும்தான் முதலில் சோதிக்கப்படுகின்றன. பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டிக்கு வேறொரு விசேஷம் உண்டு. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் பன்னிரண்டு பேரும் வெளித்தொடர்பு எதுவுமின்றி ஒரு வாரம் தங்கி, அதுவரை யாரும் கேட்டிராத புதிய படைப்பு ஒன்றை ஆசிரியரின் உதவியில்லாமல் தாங்களாகவே கற்று மேடையேற்ற வேண்டும். இசைக்குறிப்பை விரைவாகப் படித்துப் புரிந்துகொள்பவருக்கு அது வரம். ஆசிரியர் சொல்லிச்சொல்லிக் கற்றுப் பழகியவருக்குப் பெரும் சோதனை.

அடுத்து வயதுக் கணக்கு. முதன்மையான போட்டிகளில் உச்ச வயது வரம்பு பெரும்பாலும் 30ஐ ஒட்டியே இருக்கும். கீழ்வரம்பு வார்சாவில் 16, ஃபோர்ட் வொர்த்தில் 18. ஷோப்பன் போட்டி ஐந்தாண்டுக்கொருமுறையும், கிளைபர்ன் நான்காண்டுக்கொருமுறையும் நடப்பதால், 26 வயதில் ஒரு பதிப்பைத் தவறவிட்டவருக்கு அந்த வாசல் கிட்டத்தட்ட மூடிவிட்டது என்றே பொருள். எனவே அடுத்த ஐந்தாண்டுகளில் எந்தெந்தப் போட்டி எந்த மாதத்தில் வருகிறது, விண்ணப்பக் கடைசி நாள் எப்போது, அன்றைக்குத் தமக்கு வயது என்ன என்பதை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. விதிகளில் குறிப்பிடப்படுவது பெரும்பாலும் வயது அல்ல, பிறந்த தேதிகளின் எல்லை; ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் தகுதி போய்விடக்கூடும்.

நம்பகமான போட்டியை அடையாளம் காண இரண்டு இடங்கள் உதவும். ஒன்று, 1957இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சர்வதேச இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு. அதன் உறுப்பினராக இருக்கும் போட்டிகள் குறிப்பிட்ட நெறிமுறைகளுக்குக் கட்டுப்பட்டவை. சாய்கோவ்ஸ்கி போட்டி 2022 ஏப்ரலில் அந்தக் கூட்டமைப்பிலிருந்து நீக்கப்பட்டது என்பதையும் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றொன்று, பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச்சும் குஸ்தாவ் ஆலிங்கும் நிறுவிய ஆலிங்க்-ஆர்கெரிச் அறக்கட்டளை. உலகெங்கும் நடக்கும் பியானோ போட்டிகளின் தேதிகளையும் விதிகளையும் அது தொகுத்து வெளியிடுகிறது. நுழைவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இணையவழிப் பதிவை மட்டும் கேட்டு, டஜன் கணக்கில் ‘முதல் பரிசு’ச் சான்றிதழ் வழங்கும் போட்டிகள் இப்போது ஏராளமாகப் பெருகிவிட்டன. அவற்றின் சான்றிதழ்களை எந்தத் தேர்வுக் குழுவும் பெரிதாக மதிப்பதில்லை. அந்தப் பணத்தில் நல்ல அரங்கம் ஒன்றை அரை நாள் வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்வது மேல்.

விதிமுறைக் கையேட்டைப் படிக்கும்போது பரிசுத் தொகையைவிட மற்ற பக்கங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். பயணச் செலவை யார் ஏற்கிறார்கள், முதல் சுற்றில் வெளியேறியவருக்கும் தங்குமிடம் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சிப் பியானோ கிடைக்கும், ஆர்கெஸ்ட்ராவோடு எத்தனை ஒத்திகை, வென்றவருக்குக் கச்சேரி வாய்ப்புகள் உறுதிசெய்யப்பட்டுள்ளனவா என்பவைதான் ஒரு போட்டியின் உண்மையான தரத்தைக் காட்டும். கிளைபர்னில் முதல் பரிசு 1,00,000 டாலர் என்றாலும், அதோடு வரும் மூன்றாண்டு கச்சேரி மேலாண்மைதான் இளம் கலைஞருக்கு நீண்ட காலம் உதவும்.

இரண்டாம் படி: வாசிப்புப் பட்டியல்

முழுத் தயாரிப்பிலும் மிக அதிகமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பெரிய போட்டி ஒன்றுக்கு எல்லாச் சுற்றுகளையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் வரை இசை தேவைப்படலாம். அதில் பாதியைப் போட்டிக்காகவே புதிதாகக் கற்றுக்கொள்ளும் திட்டம் பெரும்பாலும் தோற்றுவிடும், ஏனெனில் புதிதாகக் கற்ற படைப்பு பயிற்சி அறையில் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் மேடையில் ஒருமுறை உடைந்து, மறுபடி கட்டப்பட்ட பிறகே நிலைபெறுகிறது. பட்டியலில் மூன்றில் இரண்டு பங்காவது முன்பே பொதுமேடையில் வாசித்த படைப்புகளாக இருக்கட்டும்.

நேரக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 40 நிமிடம் உச்ச வரம்பு. அதற்குள் செவ்வியல் கால சொனாட்டா (பெரும்பாலும் பல அங்கங்கள் கொண்ட தனி வாசிப்புப் படைப்பு) ஒன்று, எட்யூட் எனப்படும் நுட்பப் பயிற்சிப் படைப்பு இரண்டு, போட்டிக்கென்றே எழுதப்பட்ட ஐந்து நிமிடப் புதிய படைப்பு, மற்றபடி விருப்பம்போல் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹைடனின் சி மேஜர் சொனாட்டா, அதாவது ஹைடனின் படைப்புகளுக்கான ஹோபோக்கன் பட்டியலில் சொனாட்டா வரிசையின் 50ஆம் எண் கொண்டது, மீள்வாசிப்புகளோடு சுமார் 16 நிமிடம் எடுக்கும். புரோகோஃபியெவின் ஏழாவது சொனாட்டா 18 நிமிடம். ஷோப்பனின் ஓபஸ் (படைப்பு எண்) 10இன் முதல் எட்யூடும், ஓபஸ் 25இன் பதினோராவது எட்யூடும் சேர்ந்து ஐந்தரை நிமிடம். புதிய படைப்பையும் சேர்த்தால் 44 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. ஹைடனில் மீள்வாசிப்புகளை விட்டால் நான்கு நிமிடம் குறையும், ஆனாலும் வரம்பு மீறுகிறது. பதினோராவது எட்யூடுக்குப் பதில் இரட்டைச் சுரங்கள் ஓடும் ஆறாவதை வைத்தால் ஏறக்குறைய 39 நிமிடத்தில் நிற்கும். ஆனால் படைப்புகளுக்கு நடுவே மூச்சுவிடவும், கைதட்டலுக்கு எழுந்து வணங்கவும், இருக்கையைச் சரிசெய்யவும் ஆகும் நேரத்தைச் சில போட்டிகள் கணக்கில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. நேரம் மீறினால் நடுவர் தலைவர் வாசிப்பை நிறுத்தும் உரிமை பல விதிகளில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பட்டியலில் நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஹைடனின் கூர்மை, இரண்டு எட்யூடுகளின் வேகம், புரோகோஃபியெவின் இரும்புத் தாளம் ஆகிய எல்லாமே ஒரே பக்கம் சாய்கின்றன. வாசிப்பவர் ஒரு மெட்டைப் பாட வல்லவரா என்பதை நடுவர் அறிய வழியே இல்லை. ஏழாவது சொனாட்டாவை எடுத்துவிட்டு, அதே புரோகோஃபியெவின் ஒரே அங்கம் கொண்ட எட்டு நிமிட மூன்றாவது சொனாட்டாவை வைத்தால், படகுப் பாட்டு வகையைச் சேர்ந்த ஷோப்பனின் பார்க்கரோல் நுழைய இடம் கிடைக்கும். அப்போதும் மொத்தம் 38 நிமிடத்துக்குள் அடங்கும். பட்டியலின் பகட்டு குறைந்துவிடுகிறதே என்று தோன்றலாம். ஆனால் ஒரே நாளில் ஏழெட்டுப் பேரைக் கேட்ட நடுவருக்கு, மறுநாள் வாக்களிக்கும்போது அந்த பார்க்கரோல் நினைவில் நிற்க வாய்ப்பு அதிகம்.

எல்லோரும் வாசிக்கும் படைப்புகளைத் தவிர்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் பாதி ஆம், பாதி இல்லை. ரவெலின் ‘காஸ்பார்’, ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெட்ரூஷ்கா’, ஃபிரான்ஸ் லிஸ்டின் பி மைனர் சொனாட்டா ஆகியவற்றை நடுவர்கள் ஒரே வாரத்தில் பலமுறை கேட்டிருப்பார்கள்; அவற்றில் சொல்வதற்கு உண்மையிலேயே புதிதாக ஒன்று இருந்தாலொழிய ஒப்பீட்டில் சிக்கிக்கொள்வோம். அதே நேரம், யாருமே வாசிக்காத படைப்பு என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் பலன் தராது. 2022இல் ஃபோர்ட் வொர்த்தில் 18 வயதான யுன்சான் லிம் அரையிறுதித் தனி வாசிப்பில் லிஸ்டின் பன்னிரண்டு டிரான்ஸெண்டெண்டல் எட்யூடுகளையும் முழுமையாக வாசித்தார். இறுதியில் ரக்மானினோஃபின் மூன்றாவது கான்செர்டோவை வாசித்தார். அந்தப் போட்டியின் வரலாற்றில் மிக இளம் வயது வெற்றியாளரானார். இரண்டுமே நடுவர்களுக்குப் பழக்கமான இசைதான். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஓர் நீண்ட படைப்பாகக் கட்டமைத்ததுதான் தனித்தன்மை. அதைப் பார்த்து மற்றவர்களும் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு வருவது வேறு கதை.

கான்செர்டோ தேர்வில் ஒரு நடைமுறை உண்மையை மறக்கக் கூடாது: ஆர்கெஸ்ட்ராவோடு கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முழு ஒத்திகை, பிறகு மேடை. ஆகவே இதுவரை ஒரு முறைகூட ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்திராத கான்செர்டோவை இறுதிச் சுற்றுக்குக் குறிப்பிடுவது துணிச்சல் அல்ல, சூதாட்டம். மொசார்ட் கான்செர்டோ கேட்கப்பட்டால் காடென்சாவையும் (ஆர்கெஸ்ட்ரா நிற்க, பியானோ தனியே வாசிக்கும் பகுதி) விண்ணப்பிக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். டி மைனரில் அமைந்த இருபதாவது கான்செர்டோவுக்கு மொசார்ட் எழுதிய காடென்சா நமக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் பீத்தோவன் எழுதியதை வாசிக்கிறார்கள். தாமே எழுதிக்கொள்பவர்களும் உண்டு; நன்றாக அமைந்தால் அது நடுவர்களை நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

எந்தப் பதிப்பைப் பார்த்துக் கற்பது என்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும். மூலக் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு வெளியிடப்படும் உர்டெக்ஸ்ட் பதிப்புகளே பாதுகாப்பானவை. ஷோப்பனுக்கு, யான் எகியர் பதிப்பித்த போலந்து தேசியப் பதிப்பை வார்சா போட்டி பரிந்துரைக்கிறது.

மூன்றாம் படி: ஒளிப்பதிவு

தேர்வுக் குழுவினர் நூற்றுக்கணக்கான பதிவுகளை நாட்கணக்கில் கேட்கிறார்கள். எனவே முதல் ஒன்றிரண்டு நிமிடங்களின் ஒலித்தரமும் வாசிப்பும் மிகுந்த எடை பெறுகின்றன. விதிகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்: படைப்பின் நடுவே வெட்டி ஒட்டுதல் கூடாது, கேமரா அசையாமல் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், வாசிப்பவரின் கைகளும் முகமும் தெரிய வேண்டும், பதிவு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எதிரொலியைச் செயற்கையாகச் சேர்ப்பதும் பல இடங்களில் தடை செய்யப்பட்டுள்ளது.

கைப்பேசியிலேயே பதிவு செய்தால் என்ன என்று கேட்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். கைப்பேசிகளும் சிறிய கேமராக்களும் ஒலி அளவைத் தானாகச் சமன்படுத்துகின்றன. மெல்லிய இடம் வந்ததும் ஒலியைக் கூட்டி, உரத்த இடம் வந்ததும் குறைத்துவிடும். மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மிக மெல்லிய பியானிஸிமோவும் உச்சக்கட்ட ஃபோர்டிஸிமோவும் பதிவில் ஒரே உயரத்தில் நிற்கும். கேட்பவருக்கு அது வாசிப்பவரின் குறையாகவே தோன்றும். எனவே இரண்டு நல்ல மைக்குகளைத் தனி ரெக்கார்டரில் இணைத்து, தானியங்கி ஒலிச் சமன்பாட்டை அணைத்துவிட்டு, முழுதும் திறந்த பியானோ மூடியை நோக்கி இரண்டு மீட்டர் அளவுக்குத் தள்ளி, ஆள் உயரத்தில் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். மிக அருகில் வைத்தால் சுத்தியல்களின் ஓசை கேட்கும். மிகத் தள்ளி வைத்தால் அரங்கின் எதிரொலியில் வேகமான சுரங்கள் கலங்கிவிடும். பட்டியலிலேயே மிக உரத்த பக்கத்தை முதலில் வாசித்து, அது சிதையாமல் பதிவாகிறதா என்று கேட்ட பிறகே உண்மையான வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

சுருதி சேர்ப்பவர் பதிவு நாள் முழுவதும் அருகிலேயே இருப்பது நல்லது. காலையில் சேர்த்த சுருதி, இரண்டு மணி நேரம் ஆக்டேவுகளை அடித்த பிறகு மேல் ஸ்தாயியில் நழுவியிருக்கும். எந்த வரிசையில் பதிவு செய்வது என்பதும் முக்கியம்: கடினமான எட்யூடை விறைத்த கையோடு முதலிலேயே எடுக்கவும் வேண்டாம், களைத்த கைக்காகக் கடைசிக்குத் தள்ளவும் வேண்டாம், சொனாட்டா ஒன்றை வாசித்துக் கை சூடேறிய பின் எடுக்கலாம். எடுத்த பதிவுகளில் எதை அனுப்புவது என்பதை அன்றே முடிவு செய்யக் கூடாது. மறுநாள், இசைக்குறிப்பைப் பார்க்காமல், ஆசிரியரோடோ நம்பிக்கைக்குரிய வேறொரு இசைக் கலைஞரோடோ உட்கார்ந்து கேட்டால், ஒரு சுரம்கூடத் தவறாத ஆனால் உயிரில்லாத பதிவைவிட, இரண்டு சுரம் வழுக்கினாலும் இசை ஓடுகிற பதிவுதான் மேல் என்பது பெரும்பாலும் தெளிவாகும்.

நான்காம் படி: விண்ணப்ப ஆவணங்கள்

இதில் நீண்டு பேச ஒன்றுமில்லை. வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாக இருக்கட்டும். பரிசுகளை அடுக்குவதைவிட எங்கே, யாரிடம் கற்றார், எந்த மேடைகளில் வாசித்தார் என்பது போதும். பெயர் எல்லா ஆவணங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வாசிப்புப் பட்டியலில் ஒவ்வொரு படைப்பின் ஓபஸ் எண், அங்கங்கள், நிமிடம் ஆகியவற்றைச் சரிபார்த்து எழுத வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு மாற்றங்களை ஏற்பதில்லை என்று பெரும்பாலான போட்டிகள் கறாராகச் சொல்கின்றன. தேர்வானால் விசாவுக்கு எத்தனை வாரம் ஆகும் என்பதை விண்ணப்பிக்கும்போதே விசாரித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: மேடைக்கு முந்தைய மாதங்கள்

தேர்வான செய்தி வந்த பிறகு புதிதாக எதையும் கற்க நேரம் இருக்காது. போட்டிக்கென்றே எழுதப்பட்ட படைப்பு மட்டும் விதிவிலக்கு. அதன் இசைக்குறிப்பு சில மாதங்களுக்கு முன்புதான் கைக்கு வரும். வந்த அன்றே தொடங்கி, இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்து, பிறகு ஆறவிடுவது நல்லது. நடுவர்கள் அதைப் போட்டியாளர் ஒவ்வொருவரிடமும் கேட்பதால், ஒருவருடைய இசையறிவு மற்றவருடையதோடு நேருக்கு நேர் ஒப்பிடப்படுவது அங்கேதான்.

இரண்டரை மணி நேர இசையை ஒரே நேரத்தில் மேடைக்குத் தயாரான நிலையில் வைத்திருப்பதற்குச் சுழற்சி முறை தேவை. ஒவ்வொரு நாளும் ஒரு சுற்றுக்கான பட்டியலை முழுமையாக, நிறுத்தாமல், இடையில் திருத்தாமல் வாசிப்பதும், மீதி நேரத்தில் மற்ற படைப்புகளின் கடினமான பக்கங்களை மெதுவாகப் பழகுவதும் நன்றாகப் பயன்படுகிறது. மனப்பாடத்தைக் கை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதாது. ஒவ்வொரு அங்கத்திலும் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, வேறொருவர் எண்ணைச் சொன்னதும் அந்த இடத்திலிருந்து தொடங்கப் பழக வேண்டும். பாக்கின் ஃபியூகில் (பல குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் படைப்பு) நடுக்குரலை மட்டும் தனியே வாசித்துப் பார்த்தால் எது உண்மையில் மனத்தில் இருக்கிறது, எது விரல்களில் மட்டும் இருக்கிறது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இடது கையை மட்டும் மனப்பாடமாக வாசிக்க முடியாத பக்கம், மேடையில் மறந்துபோகக் காத்திருக்கும் பக்கம்.

கான்செர்டோவை இரண்டாவது பியானோவோடு பழகினால் மட்டும் போதாது. ஆர்கெஸ்ட்ராவின் முழு ஸ்கோரையும் படித்திருக்க வேண்டும். பீத்தோவனின் நான்காவது கான்செர்டோவில் பியானோ தனியே தொடங்கிய ஜி மேஜர் வாக்கியத்துக்கு ஆர்கெஸ்ட்ரா எதிர்பாராத பி மேஜரில் பதில் சொல்கிறது. அந்தப் பதில் எந்த வேகத்தில் வரும் என்பதைத் தீர்மானிப்பது பியானோ கலைஞர் வாசிக்கும் அந்தத் தொடக்க வாக்கியம்தான். ரக்மானினோஃபின் இரண்டாவது கான்செர்டோவின் தொடக்கத்தில் மெட்டு வயலின்களிடமும் மற்ற தந்தி வாத்தியங்களிடமும் இருக்கிறது. அங்கே பியானோ தன் ஒலியால் வெல்ல முயன்றால் தோற்கும். ஒரே ஒத்திகையில் கண்டக்டரிடம் பேசுவதற்கு மிஞ்சினால் பத்து நிமிடம் கிடைக்கும். வேகம் மாறும் மூன்று நான்கு இடங்களை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, வாயால் விளக்குவதைவிட வாசித்தே காட்டுவது விரைவில் வேலையை முடிக்கும்.

போட்டிக்கு முன் குறைந்தது மூன்று நான்கு முறையாவது மனிதர்கள் முன் முழுப் பட்டியலையும் வாசிக்க வேண்டும். அதுவும் வெவ்வேறு பியானோக்களில், முடிந்தால் சரியில்லாத ஒரு பியானோவிலும். உடல் விஷயத்தில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. 1952இல் ராணி எலிசபெத் போட்டியை வென்ற லியோன் ஃபிளைஷர், 1960களின் நடுப்பகுதியில் வலது கை விரல்கள் செயலிழந்து, பல ஆண்டுகள் இடது கைக்கான படைப்புகளையே வாசிக்க நேர்ந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பழகுவதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் மாணவர்களிடையே இன்னும் இருக்கிறது. முன்கையில் வலியோ விரலில் மரத்துப்போதலோ தோன்றினால் அன்றே நிறுத்திவிட்டு, இசைக் கலைஞர்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆறாம் படி: பியானோவைத் தேர்ந்தெடுக்கும் கால் மணி நேரம்

போட்டி நகருக்கு வந்ததும் முதலில் குலுக்கல் நடக்கும். வார்சாவில் ஓர் எழுத்தைக் குலுக்கி எடுத்து, அந்த எழுத்தில் குடும்பப் பெயர் தொடங்குபவர்களிடமிருந்து வரிசை தொடங்குகிறது. வரிசை நம் கையில் இல்லாததால் அதைப் பற்றி யோசிப்பது வீண். பியானோ தேர்வு நம் கையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடமே தருவார்கள்.

மேடையில் ஸ்டெயின்வே, யமஹா, ஷிகேரு கவாய், ஃபாஸியோலி போன்ற தயாரிப்புகள் வரிசையாக நிற்கும். எல்லாமே 270 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீளம் கொண்ட கச்சேரிப் பியானோக்கள். 2021இல் வார்சாவில் முதலிடம் பெற்ற புரூஸ் லியு ஃபாஸியோலியை வாசித்தார் என்பதற்காக அடுத்தவரும் அதையே எடுப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொன்றிலும் உரத்த பத்தி ஒன்றை வாசித்துப் பார்ப்பதில் பலர் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். உரத்து ஒலிக்காத கச்சேரிப் பியானோ எதுவுமில்லை. பார்க்க வேண்டியவை வேறு. நடு ஸ்தாயியில் கட்டையை மிக மெல்ல அழுத்தும்போது சுரம் பேசுகிறதா, ஊமையாகிவிடுகிறதா? ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது கட்டை முழுவதும் மேலெழுந்து வருகிறதா? வலது பெடலைப் பாதியளவு மட்டும் அழுத்தினால் ஒலி எந்த இடத்தில் விடுபடுகிறது? இடது பெடலை அழுத்தும்போது நிறம் மாறுகிறதா, அளவு மட்டும் குறைகிறதா? மெட்டு நகரும் மேல் ஸ்தாயியின் தொடக்கத்தில் ஒலி மெலிந்துபோகிறதா? அன்றைய சுற்றில் வாசிக்கப்போகும் படைப்புகளிலிருந்து இந்த ஐந்தையும் காட்டும் சிறு சிறு பகுதிகளை, மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள், முன்கூட்டியே தொகுத்து வைத்துக்கொண்டால் எல்லாப் பியானோக்களையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். அனுமதி இருந்தால், நம்பகமான ஒருவர் அரங்கின் நடுவில் அமர்ந்து கேட்கட்டும். வாசிப்பவர் காதில் பளபளப்பாக ஒலிக்கும் பியானோ பத்தாவது வரிசையில் கூர்மையாகக் குத்தலாம்.

ஏழாம் படி: மேடையும் நடுவர்களும்

ஆளில்லாத அரங்கில் ஒத்திகை பார்த்த ஒலியும், பார்வையாளர்கள் நிறைந்த பிறகு கேட்கும் ஒலியும் ஒன்றல்ல. மனித உடல்களும் உடைகளும் எதிரொலியை உறிஞ்சிவிடுவதால், பெடலைச் சற்றுத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டிவரலாம். அதை முதல் படைப்பின் முதல் பக்கத்திலேயே கேட்டு முடிவு செய்ய வேண்டும். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வரியை மட்டுமின்றி, அந்தப் படைப்பிலேயே மிகக் கடினமான பத்தியையும் மனத்துக்குள் அதன் சரியான வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். தவறிய சுரத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது.

நடுவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். சில இடங்களில் அடுத்த சுற்றுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற வாக்கு மட்டும். சில இடங்களில் மதிப்பெண். வார்சாவில் 25 வரையிலான மதிப்பெண் வழக்கத்தில் இருந்திருக்கிறது. தம் சொந்த மாணவருக்கு நடுவர் வாக்களிக்கக் கூடாது என்பது இப்போது பரவலான விதி. ஒருவரைப் பலருக்கு மிகவும் பிடித்து, சிலருக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனால், எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவர் முன்னேறிவிடுவது இந்த முறைகளின் இயல்பான பலவீனம். 1980இல் வார்சாவில் இவோ பொகோரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாதபோது மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். 1990இலும் 1995இலும் அங்கே முதல் பரிசு யாருக்கும் தரப்படவில்லை. நடுவர்களின் ரசனையை ஊகித்து வாசிப்பை மாற்றிக்கொள்வது பயனற்றது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. பத்துப் பதினைந்து பேரின் ரசனையைக் கூட்டி வகுத்தால் வரும் இசையை யாரும் கேட்க விரும்புவதில்லை.

எட்டாம் படி: முடிவு வந்த பிறகு

வெளியேறியவர்கள் அன்றிரவே விமானம் ஏறிவிடாமல் இருப்பது நல்லது. பல போட்டிகளில் நடுவர்களைச் சந்தித்துக் கருத்துக் கேட்க நேரம் ஒதுக்கப்படுகிறது. அப்போது ‘ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று கேட்டால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். ‘ஹைடனின் இரண்டாவது அங்கத்தில் வேகம் உங்களுக்கு எப்படிப் பட்டது’ என்று குறிப்பாகக் கேட்டால், நடுவர் தம் குறிப்பேட்டைத் திறந்து உருப்படியாக ஏதாவது சொல்வார். மீதிச் சுற்றுகளை அரங்கில் அமர்ந்து கேட்பதும் பெரும் பாடம். 1949இல் முதல் புசோனி போட்டியில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆல்ஃபிரட் பிரெண்டலுக்கு நான்காமிடம்தான் கிடைத்தது. 1975இல் லீட்ஸில், அவரைப்போலவே பின்னாளில் புகழ் பெற்ற மிட்சுகோ உசிடா இரண்டாமிடமும் ஆந்த்ராஷ் ஷிஃப் மூன்றாமிடமும் பெற்றார்கள்.

வென்றவர்களின் சிக்கல் வேறு வகையானது. பரிசோடு வரும் கச்சேரி அழைப்புகள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளை நிரப்பிவிடும். ஒவ்வோர் ஊரிலும் போட்டியில் வாசித்த அதே கான்செர்டோவைத்தான் கேட்பார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஆண்டுக்கு எத்தனை கச்சேரிகள் என்ற உச்ச வரம்பையும், புதிய படைப்புகளைக் கற்கக் கச்சேரியே இல்லாத சில வாரங்களையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நேரலையில் ஒளிபரப்பான பதிவுகளின் உரிமை பெரும்பாலும் போட்டி அமைப்பிடமே இருக்கும் என்பதால், தம் சொந்தப் பக்கத்தில் அவற்றை வெளியிடவும் அடுத்த விண்ணப்பங்களுக்குப் பயன்படுத்தவும் அனுமதி உண்டா என்பதை, வென்றவரும் முதல் சுற்றிலேயே வெளியேறியவரும், நகரை விட்டுக் கிளம்பும் முன் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.